சாவி விழுந்த துளை

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்று
வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான் ஆர்வோ.
குவோப்பியோ வரை பனிச்சாலை, காலையில் வேலை,
பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆளில்லை.
அந்தப் பூனை போன வசந்தத்திலேயே செத்துப்போனது
எங்கள் நால்வருக்கும் தெரியும்.
யாரும் வாயைத் திறக்கவில்லை.

வெளியே ஓஸ்மோ பிர்ச் கட்டைகளைப் பிளந்தான்.
கோடரி விழும். ஒரு நொடி கழித்து
அக்கரைக் காடு அதே சத்தத்தைத் திருப்பித் தரும்,
கைமாற்று வைத்துக்கொள்ளப் பிடிக்காதவர்களைப்போல.

சால்மன் சூப்பில் சைமி உப்புப் பார்த்தாள்.
இர்யா பார்த்தாள். நான் பார்த்தேன்.
மூன்று நாக்கு, மூன்று தீர்ப்பு.
இன்னும் ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டுச்
சமாதானமானோம்.

சவுனாவில் ஐவருக்கு இடம் போதவில்லை.
முப்பது வருடம் முன்பு கால்நீட்டி உட்கார்ந்த அதே பலகை.
மரம் சுருங்கிவிட்டது என்றான் ஓஸ்மோ,
தொப்பையைத் தொடைமேல் எடுத்துவைத்தபடி.
கல்மேல் தண்ணீர் சீறியதும் பேச்சு அறுந்தது.
ஆவி
முதலில் காதுமடலைக் கடிக்கும்,
பிறகு தோளில் கைபோடும்.

உடுத்திக்கொண்டு
வாளியோடு ஏரிக்குப் போனான் ஆர்வோ.
விளக்குப் பிடிக்க நான் போனேன்.
பனிக்கட்டியில் வெட்டிய துளை
கரிய கண்ணாய் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
குனிந்தான். ஏதோ மினுங்கியது.
*ப்ளக்.*

"போச்சு" என்றான்,
மழை நின்றுவிட்டது என்று சொல்கிறவன் குரலில்.

ஓஸ்மோ பழைய ஒலிபெருக்கியைப் பிரித்துக்
காந்தத்தைத் தூண்டில் நரம்பில் கட்டினான்.
ஐவரும் துளையைச் சுற்றிக் குப்புறப் படுத்தோம்,
ஐம்பது தாண்டிய ஐந்து சீல்கள்.
முதலில் ஓர் ஆணி வந்தது.
அப்புறம் பீர் மூடி. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம் கனமாக ஏதோ.
நீல எனாமல் பூசிய
காப்பிக் கெண்டியின் மூடி.

அவர்கள் கணவன் மனைவியாக இருந்த கடைசிக் கோடையில்
படகுத்துறையிலிருந்து சைமி வீசியெறிந்தது.
அன்று முதல் ஓஸ்மோ
சாசரைக் கவிழ்த்தே அந்தக் கெண்டியை மூடிவருகிறான்.
பத்தொன்பது வருடம்.

"அது நான் போட்டது இல்லை" என்றாள் சைமி.
"இல்லை இல்லை" என்றான் ஓஸ்மோ.
துருவைக் கட்டைவிரலால் தேய்த்தான்.
கெண்டியில் வைத்துப் பார்க்கவில்லை,
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.
அப்போது சிரிக்கத் தொடங்கினாள் இர்யா.
பிறகு எங்களில் யாருக்கும் எழுந்திருக்க முடியவில்லை,
மூச்சு வெண்புகையாய்ப் புரைக்கேறியது.

சாவிக்கொத்தின் வளையம் பித்தளை என்றும்
பித்தளை காந்தத்துக்கு மசியாது என்றும்
சூப் ஆறிய பிறகு நினைவுக்கு வந்தது,
இருபது வருடமாய் இயற்பியல் நடத்தும் இர்யாவுக்கு.
மாற்றுச் சாவி ஆர்வோவின் தங்கையிடம் இருக்கிறது.
நாளை மதியத்துக்கு மேல் கொண்டுவருவாளாம்.
அடுப்போரப் பெஞ்சில் அவனுக்குப் படுக்கை போட்டோம்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு.
மைனஸ் இருபத்திரண்டில்
யாரும் கையுறையைக் கழற்றுவதில்லை.
அவன் கழற்றினான்.
விரல்களைத் துளைக்கு நேராக ஒவ்வொன்றாய் விரித்தான்.
விளக்கு என் கையில்தான் இருந்தது.

நள்ளிரவில் ஏரி முனகியது.
கரையிலிருந்து கரைக்கு ஓடும் விரிசல் சத்தம்,
வீட்டுக்கு அடியில் யாரோ
கனத்த மேசையை இழுத்துப்போவதுபோல்.

"பூனை செத்துப்போச்சு" என்றான் ஆர்வோ, இருட்டில்.

"தெரியும்" என்றது ஒரு குரல்.
சைமியா, இர்யாவா, இன்றுவரை தெரியாது.
"அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்து,
குளிர் வருது."