ஒரே ஏற்றம்

வாளையார்க் கணவாய் வழியே
வறண்ட கிழக்குக் காற்று புகுந்த பிறகுதான்
கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூட லேபில்
இந்தச் சோதனை தேறும்.

ஷைனி டீச்சர் வருவதற்குள்
நைலான் நூலில் இரண்டு தெர்மோகோல் உருண்டைகளை,
சாக்லேட் ஜிகினா சுற்றி, அருகருகே தொங்கவிடுவேன்.
என் தலைமுடியில் தேய்த்த ஸ்கேலால்
இரண்டையும் தொட்டால் போதும்,
ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிக்காமல்
விலகி நிற்கும்.

"ரெண்டுலயும் ஒரே சார்ஜ், அதான்."
எனக்கா சொல்ல வேண்டும்?
கனகமணிக்கும் எனக்கும் ஒரே வயிற்றில் ஏறியது.

ஒரே அடுப்படியில் இருந்தவரை
டம்ளரை வைக்கும் சத்தத்துக்கே பொறி பறந்தது.
தென்னை வரிசைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டிப் போனாள்,
போர்மோட்டார் முறைக்கு மட்டும் கத்தினோம்.
அப்புறம் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி
பொள்ளாச்சி.

எட்ட இருந்தால் உறவு என்பார்கள்.
டீச்சர் அதைக் கணக்காகவே எழுதுகிறாள்:
தூரம் இரண்டு மடங்கானால் விசை
பாதி இல்லை, கால்.
மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று.
"எவ்வளவு தூரம் போனா பூஜ்யம், டீச்சர்?"
கடைசி பெஞ்சில் ஒரு பையன்.
"ஆகவே ஆகாது."

டிரேயைத் துடைத்தபடி வகுத்துப் பார்த்தேன்.
அடுப்படியில் எங்களுக்கு நடுவே நாலடி.
பொள்ளாச்சி இருபது கிலோமீட்டர்,
பதினாறாயிரம் மடங்குக்கு மேல்.
அதை அதாலேயே பெருக்கினால்
இருபத்தைந்து கோடியில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.
அந்தத் துளி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்:
போனில் அவள் பேர் மினுங்கும்போது
என் கட்டைவிரல் நிற்கிற இடம்.

போன ஜூனில் இன்ஸ்பெக்ஷன்.
பெரிய அதிகாரி, கையில் ஃபைல், வெளியே பேய்மழை.
ஸ்கேலைத் தேய்த்துத் தேய்த்து மண்டை காந்தியது.
உருண்டைகள் இரண்டும்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து
சும்மா தொங்கின.
டீச்சர் நெளிந்தாள்: "காற்றில் ஈரம், சார்.
ஏத்த ஏத்த இறங்கிடுது."
அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் கதவைப் பூட்டும்போது
போன் அடித்தது.
விரல் நிற்கவில்லை.

"மோட்டார் ஓடுதா?" என்றாள்.
"மழைக்கு எதுக்கு மோட்டார்?"
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"இங்க ஒரு தூறல்கூடக் காணோம்டி."

போனை வராந்தா ஓரம் நீட்டிப் பிடித்தேன்,
ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்துக்கு,
கை நனையும்வரை.