இதற்கு ஓர் அட்டை

சுல்தான்பேட்டையில் எங்கள் அச்சகத்தில்
கல்யாணத்துக்கு மட்டும் நாற்பது மாதிரி.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா,
அறுபதாம் கல்யாணம், பதினாறாம் நாள் காரியம்,
எதைக் கேட்டாலும் நஞ்சுண்டையா
எச்சில் தொட்டு ஆல்பத்தைப் புரட்டி
பக்கத்தைக் காட்டுவார்.

வியாழக்கிழமை குடும்ப நீதிமன்றத்தில்
ரெஜினாவுக்குத் தீர்ப்பு வந்தது.
ஆறு வருஷம். முப்பத்தெட்டு வாய்தா.
ஆல்பத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

முபாரக் பாயின் கட்டிங் மெஷின்
ஒரே அழுத்தில் ஐந்நூறு அட்டையின் ஓரத்தைக்
கடித்துத் துப்பும்.
குங்குமச் சிவப்பு, மயில் கழுத்து,
பொன்தூள் ஒட்டிய சந்தனம்.
எல்லாம் சாக்கில் அடைந்து எடைக்குப் போகும்.
ரெண்டு பிடி எடுத்துக்கறேன் பாய், என்றேன்.
பிள்ளைங்களுக்கு ஸ்கூல் புராஜெக்டா?
ஆமா.
எனக்குப் பிள்ளை இல்லை என்பது
பாய்க்கும் தெரியும்.

ராத்திரி ஸ்ரீராமபுரம் வீட்டில்
சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து
அதன்மேல் அட்டையை வைத்துக் கீறினேன்,
விளிம்பைத் தொடாமல் பன்னிரண்டு கோடு.
மேலே, கீழே, மேலே, கீழே.
அடுத்த பட்டை கீழே, மேலே, கீழே, மேலே.
ஒவ்வொன்றையும் சீப்பின் வாலால்
நெருக்கித் தள்ள வேண்டும்.
தள்ளாவிட்டால் சந்து வழியே
தட்டு பல்லைக் காட்டும்.

அள்ளிய பிடியில்
அச்சுப் பிசகிய தாள்களும் இருந்தன,
எழுத்தோடு வெட்டுப்பட்டவை.
உருதுப் பட்டையை வலமிருந்து நுழைத்தேன்.
கன்னடப் பட்டை இடமிருந்து வந்தது.
முகூர்த்தம் எட்டேகால் முதல் எட்டே,
அதற்குமேல் இல்லை.
ஒரு மணமகளின் பெயரில் மிஞ்சியது 'வேணி'.
அவள் படித்த பி.இ., எம்.பி.ஏ. மட்டும்
முழுசாக இருந்தது.

முதல் தடவை எண்ணிக்கை தப்பியது, பிரித்தேன்.
இரண்டாம் தடவை நடுவில் பூப்போல விழுந்தது.
அழகுதான்.
இது பூக் கொடுக்கிற விஷயமா?
அதையும் பிரித்தேன்.

மூன்றாம் தடவை கைக்கு வந்தது
கொஞ்சம் அகலமான தமிழ்ப் பட்டை.
எல்லாப் பத்திரிகையும் தொடங்குகிற அதே வரி:
நிகழும் மங்களகரமான.
வருஷத்தின் பெயர் அறுந்து
வேறு யாருடைய சாக்கிலோ போயிருந்தது.
மேலே, கீழே.
'நிகழும்' மேலே வந்து நின்றது.
'மங்களகரமான' சிவப்புக்கு அடியில் போய்
ஒளிந்துகொண்டது.
சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை.

திருப்பினால் உள்பக்கம் வெறும் வெள்ளை.
வெள்ளைக்குள் வெள்ளை பின்னியிருக்க
ஒரு கல்யாணமும் தெரியவில்லை.
பேனாவைத் திறந்தேன்.
வாழ்த்துகள் என்று எழுதலாமா? கூடாது.
வருந்துகிறேன்? எதற்கு?
தைரியமாக இரு என்றால்
ஆறு வருஷமாக அவள் வேறென்ன செய்தாள்?
பேனாவை மூடிவிட்டேன்.
ஃபெவிகால் டப்பா காய்ந்து கிடந்தது.
பட்டைகளின் நுனியை ஒட்டாமலே விட்டேன்.

காலையில் மெஷின் சூடாகும்வரை
இருவருக்கும் சேர்த்து ஒரு பை-டூ காப்பி.
அட்டையை நீட்டினேன்.
ரெஜினா ஒன்றும் சொல்லவில்லை.
தொழில்காரி அல்லவா,
முதலில் நான்கு மூலையையும் விரலால் பார்த்தாள்.
பிறகு உதடு அசையப் படித்தாள்: நிகழும்.
எது?
எனக்கென்ன தெரியும், என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை.
ஃபாயில் ஒட்டி ஒட்டிப் பொன்னேறிய நகத்தால்
அந்தச் சிவப்பை நெம்பி
அடியில் எட்டிப் பார்த்தாள்.
ஒரு நிமிஷம்.
பிறகு சிரித்த சிரிப்பில்
காப்பி சட்டென்று புடவையில் கொட்டியது.
இரும்மா, அது அங்கியே இருக்கட்டும் என்று
கட்டைவிரலால் உள்ளே தள்ளி அமுக்கிவிட்டாள்.

நஞ்சுண்டையா உள்ளிருந்து கூப்பிட்டார்.
மயில் கழுத்தில் எழுநூறு அட்டை,
சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.
அட்டையை டிபன் பையில் நிமிர்த்தி வைத்தாள்,
குழம்பு சிந்தாத பக்கமாக.

காப்பிக்கு அன்று அவள்தான் காசு கொடுத்தாள்.
மூன்று ரூபாய் சில்லறை
கடைக்காரர் இன்னும் தரவில்லை.