வியாழன் ஏழரை

தோ பாயோவில், பேரங்காடிக்குப் பின்னால்
ஒரு காப்பிக் கடை.
மாதம் ஒரு வியாழன், மாலை ஏழரை.
ஏழரை என்றதும் எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது.
சனி பகவானை இவர்களுக்கு
எந்த மொழியில் விளக்க?

ஹஃபீஸா, மருத்துவமனை வார்டு.
பூன் டெக், ஆயிரம் பேருக்கு உலை வைக்கும் சமையற்கூடம்.
ரெஜினால்ட், பேருந்துப் பணிமனை.
நான் மின்தூக்கிகள்: அறுநூறு கதவுகள்,
நாற்பத்தோரு ஆட்கள்.

விதி ஒன்றுதான்.
கேள்வி கேட்கலாம்.
அறிவுரை சொன்னவர் எல்லார் காப்பிக்கும் காசு கொடுக்கணும்.
முதல் மாதம் பூன் டெக் ஓட்டாண்டி ஆனார்.

இன்று என் முறை.
கைப்பேசியில் அறிக்கையைக் காட்டினேன்.
நூலிழையில் தப்பிய சம்பவங்கள்:
ஏழு மாதமாகப் பூஜ்யம்.

ஆனால் போன செவ்வாய்
செம்புலிங்கத்தின் கை
கதவுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு விரல் அகலத்தில் தப்பியிருக்கிறது.
கூட இருந்த மூவரும் வாய் திறக்கவில்லை.
எனக்குச் சொன்னது
கீழ்த்தளம் துடைக்கும் ஆன்ட்டி.

"பூஜ்யத்துக்கு என்ன செய்தீர்கள்?"
ரெஜினால்ட் கேட்டார்.

கேக் வெட்டினோம்.
பண்டான் கேக். ஆளுக்கு
ஐம்பது வெள்ளிப் பற்றுச்சீட்டு.

ஹஃபீஸா கரண்டியைக் கீழே வைத்தாள்.
"எட்டாம் மாதம் ஒருவன் உண்மையைச் சொன்னால்
அப்போது எதை வெட்டுவீர்கள்?"

மேசையில் சிந்திய தண்ணீருக்குள்
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
பூன் டெக்கின் உதட்டில் ஓர் அறிவுரை
கொதிக்கும் பானை மூடிபோல் துள்ளி
அடங்கியது. ஐந்து வெள்ளி அறுபது காசு அல்லவா.

எனக்கு அது முன்பே தோன்றியது என்றேன்.
பொய்.
கொஞ்சம் கழித்து,
"இல்லை. தோன்றவே இல்லை.
பெரிய துண்டை நான்தான் தின்றேன்."

யாரும் சிரிக்கவில்லை.
ஹஃபீஸா காலிக் குவளைக்குள் பார்த்தபடி சொன்னாள்:
"என் வார்டிலும் பூஜ்யம்தான்.
மருந்து மாறிய கணக்கு. பத்து மாதம்."
அப்புறம் ஒன்பதரை வரை
அவளிடம் கேட்டோம்.
முடிவு என்று ஒன்றும் எட்டவில்லை.
காப்பி அவரவர் காசில்.

வெள்ளி காலை, ஏழே முக்கால்.
நாற்பத்தோரு மஞ்சள் தொப்பிகள்.
படிவத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.
"பொத்தோங் பாசிரில் ஒருமுறை,"
என்று ஆரம்பித்துவிட்டேன்,
"மின்சாரத்தை நிறுத்தாமலே
நான் உள்ளே கையை விட்டேன்."

யாரும் எதுவும் பேசவில்லை.
செம்புலிங்கம் மட்டும்
வலக்கைக் கையுறையைக் கழற்றினான்.
பிறகு, மெதுவாக,
மறுபடி மாட்டிக்கொண்டான்.