முதல் ஆயிரத்து அறுநூறு

முள் நாலாயிரத்தைத் தாண்டக் கூடாது
ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வரை.
சாவியைக் கொடுத்த எகிப்துக்காரர் ஷெரீஃப்
மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார்.
ஒன்பதாயிரம் வரை கோடு போட்ட வட்டத்தில்
பாதிக்கும் கீழே என் எல்லை.
ஐந்து வருடத் தவணைக்கு மட்டும்
முதல் நாளே முழு வேகம்.

ஷார்ஜா அல் நஹ்தாவில்
மாலை ஆறரை நெரிசலில் பழக்கினேன் அதை.
ஐந்நூற்றுப் பத்துக் குதிரைகள்
ஒரு ஷவர்மா கடையைத் தாண்டப்
பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டன.
பக்கத்தில் வந்து நின்ற லாரியின்
சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேரே.
எண்ணினேன். பத்து.
ஒன்றில் துரு.

லிஃப்டுகளைப் பராமரிக்கிறவன் நான்.
பத்தொன்பது வருடமாக
வேகத்தை ஒளித்துவைப்பதே என் வேலை.
எழுபது மாடி ஏறினாலும்
கோப்பையில் காப்பி அசையக் கூடாது;
காது அடைத்தாலே புகார் வந்துவிடும்.
இதைச் செய்தவர்களோ
உட்கார்ந்து யோசித்து
சாலையின் ஒவ்வொரு கல்லையும்
என் முதுகெலும்பில் எழுதுகிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.
பின் இருக்கை என்று ஒன்று உண்டு,
தர்பூசணி உட்காரலாம், பெல்ட் போட்டு.
வேகத்தடையை நண்டு மாதிரி
கோணலாகத்தான் கடக்க வேண்டும்.
வலது தோளுக்குப் பின்னால்
ஒரு தண்ணீர் லாரியே வந்தாலும் தெரியாது.
எங்கள் கட்டடக் காவலாளி குல்ஸமான்
இரண்டு முறை சுற்றிவந்து கேட்டார்:
‘இரண்டே கதவா? மீதி எப்போது வரும்?’
கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை.

ஆயிரத்து அறுநூற்று மூன்றாவது கிலோமீட்டர்
ராஸ் அல் கைமாவில், ஜெபல் ஜைஸ் அடிவாரத்தில் வந்தது.
ஞாயிறு விடியல், ஐந்தே கால்.
இரவு டியூட்டி முடித்து
வார்டு ஷூவோடு ஏறியிருந்தாள் ஜெசிந்தா.
‘வண்டிக்காக வரல,
நீங்க தனியாப் போகக் கூடாதுன்னு வர்றேன்’
என்றவள் எமிரேட்ஸ் ரோட்டிலேயே தூங்கிப்போனாள்.

மிதித்தேன்.
நாலாயிரம், ஐயாயிரம்.
ஆறாயிரத்தில் குரல் உடைந்தது,
பதினைந்து வயதுப் பையனுக்கு உடைவதுபோல.
பிறகு அது குரலாகவே இல்லை.
பாறைச் சுவர் வாங்கி
ஜன்னல் வழியே திருப்பி எறிந்தது.
ஸ்டீயரிங் விரல் நுனியில்
தாரின் சொரசொரப்பைச் சொல்லிக்கொண்டே வந்தது.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது
கன்னம் வலித்தபோதுதான் தெரிந்தது.

மூன்றாம் கொண்டை ஊசி வளைவு முடிய,
நடுரோட்டில் ஆடு.

கால் எப்போது மாறியது என்று ஞாபகமில்லை.
நின்றிருந்தோம்.
இழுபடவில்லை, வழுக்கவில்லை,
சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றிருந்தோம்.
லிஃப்ட் பெட்டிக்கு அடியில்
ஓர் இரும்புத் தாடை உண்டு.
கயிறு அறுந்தால் தண்டவாளத்தைக் கவ்வும்.
வருடத்துக்கொரு முறை சோதிப்போம்;
ஏறி இறங்குகிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை.
அதைச் செய்தவன் கையை
ஒருமுறை குலுக்க வேண்டும் என்றிருந்தேன்.
இப்போது பட்டியலில் இரண்டு பேர்.

விலையும் தெரியாது, குதிரைகளும் தெரியாது ஆட்டுக்கு.
பம்பரை முகர்ந்தது.
சாவகாசமாகத் திரும்பி
தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.
ஹாரனை நான் தொடவில்லை.
ஜெசிந்தா வாய் லேசாகத் திறந்து
தூங்கிக்கொண்டிருந்தாள்,
அடையாள அட்டை பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே மாட்டி
ஒரு பக்கம் வளைந்திருந்தது.
மெதுவாக எடுத்து நேராக்கினேன்.

உச்சிக்கு இன்னும் பாதி வழி.
வண்டியைத் திருப்பி,
நாலாயிரத்துக்குள்ளேயே இறங்கினேன்.
திரையில் இதுவரைக்குமான சராசரி:
மணிக்கு முப்பத்தொன்று.

கீழே, கரக் டீக்கடை வெளிச்சத்தில் விழித்தாள்.
‘மேலே குளிரா இருந்துச்சா?’
‘ரொம்ப’ என்றேன்.