மடைப் பலகை

நவம்பரில் உப்பு விளையாது.
உறைபனியில் களிமண் வெடித்துவிடாதிருக்க
பாத்திகளை மூழ்கடித்து வைப்போம்.
அந்த வேலையை முடிக்காமலே போனான் ஜவூவா.
கடைசி மூன்று பாத்திகளை நான்தான் மூழ்கடித்தேன்.

அரசரின் கப்பலுக்கு ஆள் போதவில்லையாம்.
மீனவரைப் பிடித்தார்கள். பிறகு உழவரை,
பன்றி மேய்ப்பவரை, எங்களை.
அதுவரை அவன் கடலை
முழங்காலுக்கு மேல் அறிந்ததில்லை.
அவனுக்குத் தெரிந்தது
மடை வழியே உள்ளே வந்து
வெயிலில் படுத்துக்கொள்ளும் கடல்.

பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஒரே ஒரு கடிதம்,
யாரையோ பிடித்து எழுதச் சொன்னது:
கீழ்த்தட்டில் ஆறாவது பீரங்கி.
கயிறு இழுப்பது என் வேலை.
பீரங்கியை நீட்டச் சுவரில் சதுரக் கதவு உண்டு, பெரின்.
நம் மடைப் பலகை போலத்தான். கொஞ்சம் பெரிது.
மூடினால் இருட்டு. திறந்தால்
கை நீட்டும் தூரத்தில் தண்ணீர்.

அன்று காற்று கூரை வைக்கோலை உரித்துக்கொண்டிருந்தது.
ஊரே பாறைமேல் நின்றது.
பூசை பாதியில்; பாதிரியாரும் பாறைமேல்தான்.
எங்கள் கப்பல்கள் விரிகுடாவுக்குள் ஓடிவந்தன,
இருட்டிலும் வீட்டுப்படி தெரிந்தவர்களைப் போல.
ஆங்கிலேயனுக்கு இந்தப் பாறைகளின் பெயர்கூடத் தெரியாது,
வரமாட்டான் என்றார்கள்.
வந்தான்.
எங்கள் முதுகையே வரைபடமாக வைத்துக்கொண்டு வந்தான்.

முதலில் புகை. ஊமைப் புகை.
பிறகுதான் மார்பில் வந்து மோதியது ஓசை.
மரக்காலணி செய்யும் கொராந்தேன்
சேவல் சண்டையில் பணம் கட்டியவன் போல்
அடி, அடி என்று குதித்தான்.
நான் கப்பல்களை எண்ணினேன்.
எதில் என் ஆள் என்று தெரியவில்லை.
எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

ஒரு கப்பல் திரும்பியது.
கீழ்வரிசைக் கதவுகள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன.
காற்று ஒருமுறை தள்ளியது. சாய்ந்தது.
இன்னும் கொஞ்சம்.
குண்டு பட்டு அல்ல. தீப்பிடித்து அல்ல.
திறந்த சதுரங்களின் வழியே
பாத்திக்குள் போவது போல
அவசரமில்லாமல் கடல் உள்ளே போனது.
பாய்மர நுனி மட்டும்
எல்லைக்கு நட்ட கழி போலச் சற்று நேரம்.
கொராந்தேனின் வாய் திறந்தபடியே இருந்தது,
சத்தம் வரவில்லை.

ஒன்பது வருடம் அவனோடு அளத்தில் நின்றிருக்கிறேன்.
கடலேற்ற இரவுகளில் இருமுறை எழுந்து போவான்,
பலகை ஒரு விரற்கடை தூக்கியிருக்கிறதா என்று பார்க்க.
காய்ச்சலில் கிடந்த இரவும் போனான்.
ஒருமுறை நான் இறக்க மறந்து
ஒரு கோடையின் உப்பு கரைந்துபோனது.
திட்டவில்லை. மூன்று நாள் பேசவில்லை.

நீர் எந்த உயரத்தில் நுழையும் என்று
அதிகாரிகளுக்கு முன்பே அவன் கண்டிருப்பான்.
மூடு என்று கத்தியிருப்பான்.
பிரெஞ்சில் அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது.
எங்கள் பிரெத்தோன் மொழியில் கத்தியிருப்பான்,
மேலே நின்ற துரைமாருக்கு
அதுவும் காற்றின் இரைச்சல்.
அல்லது கத்தவேயில்லையோ,
சொன்னபடி கயிற்றை இழுத்தானோ.
இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கம் போகிறது.

வசந்தத்தில் கடற்படை எழுத்தர் வந்தார்.
கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளம் நின்றதாம்.
அந்த நாளுக்கு உண்டா என்றேன்.
ஏட்டைப் புரட்டினார்.
மாலை நான்கு மணி; முக்கால் நாள் என்றார்.
வாங்கிக்கொண்டேன்.

கரையொதுங்கிய மரம் அரசருடையது, தொடக்கூடாது.
ஒரு கதவை இரவில் இழுத்துவந்தேன்,
உட்புறம் சிவப்புச் சாயம், கீல் முறிந்தது.
மடையில் பொருத்திப் பார்த்தேன்.
எழுதியிருந்தான் அல்லவா, கொஞ்சம் பெரிது.
அறுக்க மனமில்லை.
பன்றிக் கொட்டிலின் பின்னால் சாய்ந்து நிற்கிறது.

ஜூனில் முதல் உப்பு.
நான்ட் நகரத்து வியாபாரி
இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து,
என்ன இது, சாம்பலாக இருக்கிறதே,
போர்ப் புகையா என்றான்.

களிமண், என்றேன்.
எங்கள் உப்பு எப்போதும் இந்த நிறம்தான்.