போல்ட் சீல்

எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் ஊரும் வரிசையில்
கண்டெய்னர் சீல் பார்ப்பது எபிக்கு வேலை.
காகிதத்தில் ஓர் எண், இரும்பில் ஓர் எண்.
ஒரு இலக்கம் பிசகினால் "ஓரங்கட்டு" என்பான்.
டிரைவர் டீ வாங்கி நீட்டுவான், மச்சான் என்பான்,
குழந்தைக்குக் காய்ச்சல் என்பான்.
ஓரங்கட்டினது ஓரங்கட்டினதுதான்.

அதே எபி
ஞாயிற்றுக்கிழமை, வஞ்சிரம் தின்ற விரலோடு,
கொருக்குப்பேட்டையில் எங்கள் ஒன்றரை அறையில்
"உங்கள் கணினியில் முப்பத்தேழு வைரஸ், உடனே நீக்குக"
என்று கத்திய சிவப்புக் கட்டத்துக்குச்
சரி என்று அழுத்தினான்.

எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம்,
யார் ஏற்றிய சரக்கு,
ஒன்றும் கேட்கவில்லை.

ரசம் கொதிப்பதற்குள்
ஜெனியின் ஞானஸ்நானம்
எழுத்தும் எண்ணும் குழம்பிய ஒரு சரம்.
குழுக் கணக்கு, பதினான்கு பெண்கள்,
தவணை, அபராதம், யாருக்கு யார் ஜாமீன்,
தட்டினால் வாய் திறக்காத கோப்புகள்.
நடுவில் ஒரு கடிதம், மரியாதையான ஆங்கிலத்தில்:
எழுபத்திரண்டு மணிநேரம் அவகாசம்.
கந்துக்காரர்கூட வாசலில் வந்து நின்றுதான் கேட்பார்.
இவனுக்கு முகம் இல்லை, செருப்புச் சத்தம்கூட இல்லை.

நான் முதலில் நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கினேன்,
கேஸ் வாடை வந்தால் சிலிண்டரை மூடுகிற கையால்.
எபி குடத்தை எடுத்துக்கொண்டு
வராத தண்ணி லாரிக்கு வரிசையில் போய் நின்றான்.

பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில்
பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய கறுப்பு டப்பா.
வெள்ளிதோறும் கணக்கை அதில் ஏற்றுவேன்,
ஏற்றியதும் கழற்றுவேன்.
கழற்றுவதில்தான் இருக்கிறது எல்லாம்.
"வந்துட்டா வெள்ளிக்கிழமை ஜெபக்காரி" என்று
எபி சிரித்ததுண்டு.

படங்களை ஏற்றவில்லை. இடம் போதாது என்று நினைத்தேன்.
அது என் தப்பு.
தலையில் தண்ணீர் விழ ஜெனி வீறிடும் அந்த முகம்
இனி கடிதக்காரனின் பூட்டுக்குள்.
அவனுக்கு அது எதற்கு?

தண்டையார்பேட்டைப் பையன் வந்து
எல்லாம் துடைத்துப் புதிதாய்ப் போட்டான். எழுநூறு.
எட்டு மாதமாய் "பிறகு நினைவூட்டு" என்று
எபி தள்ளிய அப்டேட்டையெல்லாம்
ஒரு ராத்திரி முழுக்க அது விழுங்கியது.
பேங்குக்கும் மெயிலுக்கும் மகள் பெயரே சாவியாய் இருந்ததை
எபியே மாற்றினான், சத்தமில்லாமல்.
புதியது என்ன என்று என்னிடமும் சொல்லவில்லை.
நல்லது.

வெள்ளி வரைக்கும் கணக்கு கிடைத்துவிட்டது.
சனிக்கிழமை கட்டிய கோமளாவின் ஐந்நூறு மட்டும் எங்கும் இல்லை.
எவ்வளவு என்று எனக்கும் உறுதியில்லை அப்போது.
ரயில்வே கேட் மூடியிருக்க, பூக்கூடையோடு நின்றவளிடம் கேட்டேன்.
"ஐந்நூறுக்கா. மூணு நூறு, நாலு அம்பது.
ஒரு நோட்டு ஓரத்துல கிழிசல், நீ கூட திட்டினியே."

எந்த எண்ணோடும் ஒப்பிட முடியாத வாக்கு.
உள்ளே விட்டேன்.
எழுதிக்கொண்டேன்.