வெள்ளை ஓக்கிலிருந்து

"வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி
கிழக்கே எண்பது கோல் சென்று
ஓடையைத் தொட்டு…"
இப்படித்தான் ஆரம்பிக்கிறது என் வம்சம்.
கனெக்டிகட், 1702.
வாங்கியவர் ஓபதையா வென்லாக்.
விற்றவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
"இந்தியர் சிலர்".
அதற்குமேல் ஓர் எழுத்து இல்லை.

முப்பத்தொரு வருஷம்
மாவட்டத்துக்குச் சாலை அளந்தவள் நான்.
பத்திரத்தைக் கண்ணால் படிக்க வராது எனக்கு.
காலால்தான்.

ஓபதையாவுக்கு ஒரு மனைவி இருந்தாள்.
பத்திரங்களில் அவள்
"மேற்படியாரின் மனைவி".
ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவிலும்
தகப்பன் பெயர் மட்டும்,
ஆறும் அவரே பெற்றதுபோல.

தேவாலயக் குறிப்பேட்டில்தான் அகப்பட்டாள்.
சைலன்ஸ்.
மௌனம் என்று பெண்ணுக்குப் பெயர் வைத்த காலம்.
அது பெற்றவர்களின் ஆசை, அவ்வளவுதான்.
1711, மார்ச்:
"சகோதரி சைலன்ஸ், டீக்கன் ஜேபஸ் ப்ரூயிட்டைச்
சபை வாசலில் வைத்து வசை பேசினாள்."
போதகர் நல்ல மனிதர்,
வசையையும் எழுதி வைத்தார்:
"டீக்கன் வேலிக் கல்லுக்கு மட்டும்
ராத்திரியில் கால் முளைக்கிறது."

மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மறுத்தாள்.
திருவிருந்தில் இடமில்லை என்றார்கள்.
ஏப்ரல்: மறுத்தாள்.
ஆகஸ்ட்: மறுத்தாள்.
அடுத்த வருஷம் போதகருக்கே அலுத்துவிட்டது:
"சைலன்ஸ். அப்படியே."

1719இல் மூத்த மகனுக்கு எழுதிய பத்திரம்.
"முன்பு வெள்ளை ஓக் நின்ற இடத்துக்
கற்குவியலில் தொடங்கி
ஓடைவரை எழுபத்தாறு கோல்."

எழுபத்தாறா?

ஓடை நகரும், பார்த்திருக்கிறேன்.
ஆனால் இது பாறையில் ஓடுவது.
தவிர, நான்கு கோல் என்றால் அறுபத்தாறு அடி,
அளவையாளரின் சங்கிலி சரியாக ஒன்று.
தண்ணீர் இவ்வளவு கணக்காகத் திருடாது.

பத்திரத்தின் அடியில் அவள் கைநாட்டு.
எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போடும் இடத்தில்
ஒரு வட்டம்,
அதன் கீழே இரண்டு சிறு கோடுகள்.
பதிவேட்டுக் குமாஸ்தா
என்னவென்று கேட்காமல்
அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்.
நூலகம் மூடும் மணி அடித்தபோது
நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.
கால் முளைத்த கல்.

1748இல் சைலன்ஸின் பேத்தி
ப்ரூயிட்டின் பேரனைக் கட்டிக்கொண்டாள்.
அந்த நான்கு கோல் சீதனத்தில் சேர்ந்ததா,
எந்தப் பதிவும் சொல்லவில்லை.
நான் அந்தக் கல்யாணத்தின் வழி வந்தவள்.
யார் பக்கம் பேச?

சனிக்கிழமை அங்கே போனேன்.
இப்போது அது ஊராட்சியின் உப்புக் கிடங்கு,
பனிக்காலச் சாலைகளுக்கு.
ஓடையிலிருந்து மேற்கே நாடாவை இழுத்தேன்.
எழுபத்தாறாவது கோலில் வேலிக்கம்பி.
எண்பதில் ஒரு லாரி.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.
"என்னம்மா தேடுறீங்க?"
"ஒரு மரம்."

சுற்றிலும் பார்த்தார். உப்பு, தார், தகரக் கூரை.
ஒன்றும் கேட்காமல்
லாரியைக் கொஞ்சம்
பின்னால் எடுத்தார்.